உள்ளறைத் தலைகள்

மார்ச் 4, திங்கள்

திங்கட்கிழமை பார்லர் கிடையாது, ஆனால் எனக்கு லீவும் கிடையாது. சீப்புகளை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டேன். துண்டுகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். கழுவும் தொட்டியின் சல்லடையில் சிக்கிக் கிடந்த முடிப்பந்தை எடுத்தபோது வழக்கம்போல் உமட்டியது. இத்தனை வருடமாக இதே தொழில்தான், இன்னும் ஈர முடி விரலில் சுற்றினால் எனக்கு ஆகாது. பொகுவா அக்கா இதைச் சொல்லியே என்னை வறுத்தெடுப்பாள். "முடியைப் பார்த்தா குமட்டுதுன்னா நீ கெஜெட்டியா சந்தையில தக்காளி விக்கப் போயிருக்கணும்டி செர்வா."

குமட்டினால் என்ன, இந்தப் பன்டாமா வட்டாரத்தில் என் பார்லர் மாதிரி சுத்தமான இடம் இல்லை. உதிர்ந்த முடியைக் கூட்டி மூலையில் ஒதுக்கும் பேச்சே இங்கே கிடையாது. அவரவர் முடியைப் பையில் போட்டு அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். தன் முடி யார் கையில் சிக்குமோ, அதை வைத்து என்ன செய்வார்களோ என்ற பயம் பாங்க் மேனேஜர் அம்மாவுக்கும் உண்டு. வாங்கிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு போய் வீட்டில் கொளுத்திவிடுவார்.

விக் கழற்ற வேண்டியவர்களுக்குத் திரை போட்ட உள்ளறை. அதற்குள் போவது மூன்றே பேர்: நான், என் பெரியம்மா மகள் பொகுவா அக்கா, இரண்டு வருடமாக எங்களோடு பின்னல் போடும் சேனா.

மத்தியானம் கரண்ட் போனது. துண்டுகள் வெயிலில் காய்ந்தன.

மார்ச் 6, புதன்

இன்று எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். அணிவகுப்புக் கூட்டம் கலைந்ததும் கடை நிரம்பும் என்று சேனாவை முன்னதாகவே வரச் சொல்லியிருந்தேன். முதலில் வந்தவள் எங்கள் சபைப் பாட்டுக்குழுவில் பாடும் அப்ராஃபி. உட்காரவில்லை. என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போய்ப் போனை நீட்டினாள்.

"இது யார் தலைன்னு தெரியுதாக்கா?"

தெரியாமல் என்ன? டைபாய்டு காய்ச்சலுக்குப் பிறகு திட்டுத் திட்டாக முடி போன தலை. இரண்டு மாதமாக எண்ணெய் தடவி நானே பார்த்துவரும் தலை. தோளில் என் கடையின் நீலத் துண்டு.

"மாப்பிள்ளையோட அக்கா எனக்கே அனுப்பியிருக்கா. கீழ எழுதியிருக்கிறதைப் படிங்க. 'எங்க தம்பிக்கு இது தெரியுமா?' அவர்கிட்ட நானே சொல்லணும்னு இருந்தேங்க்கா. என் வாயால சொல்லணும்னு."

இருபத்துமூன்றாம் தேதி அவள் வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் கேட்க வருகிறார்கள். பெண் வீட்டுக்குக் கொடுக்கும் ஜின் பாட்டில்கூட வாங்கியாகிவிட்டதாம். இனி வருவார்களோ மாட்டார்களோ.

"உள்ள வந்தது நீங்க மூணு பேர். வேற யாரும் என் தலையைப் பார்த்ததில்ல, எங்கம்மாகூட. முடியைப் பையில போட்டுக் கையில குடுத்தீங்களேக்கா. தலையை யாருக்குக் குடுத்தீங்க?"

அவள் போன பிறகும் அந்தப் படம் என் கண்ணிலேயே நிற்கிறது. குனிந்திருக்கும் தலை. பின்னால் நின்று எடுத்திருக்கிறார்கள். எடுத்தவள் இடது கையால் அந்தத் தலையைத் தடவிக்கொடுத்திருப்பாள், வலது கையால் படம் பிடித்திருப்பாள். சீ! யாருடி அது?

மார்ச் 7, வியாழன்

நான் இல்லை. அப்படியானால் அக்காவா, சேனாவா?

அக்காவிடம் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கர்த்தாவே! இந்தக் கூரைக்குக் கீழயா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போனும் கையுமா இருக்கிறது யாரு? நீயே யோசி. நான் யார் பேரையும் சொல்லல."

சேனா போனை இடுப்பிலேயே செருகியிருப்பாள், உண்மைதான். யாராவது அருகில் போனால் போன் திரையை மார்போடு அணைத்துக்கொள்வாள்.

காலையில் ரேடியோக்காரர் இதைத்தான் பேசினார். புருஷன்மார் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போனில் எப்படிப் படங்களை ஒளிக்கிறார்கள் என்று. கால்குலேட்டர் மாதிரியே ஒன்று வருகிறதாம். கூட்டலும் போடுமாம். ஆனால் ரகசிய எண்ணைத் தட்டினால் உள்ளே படமாகக் கிடக்குமாம். ஒரே வேலைக்கு இரண்டு இருந்தால் பாருங்கள் என்றார். எவ்வளவு இடம் அடைக்கிறது பாருங்கள், கணக்குப் போடுவதற்குப் படம் பார்க்கும் அனுமதி எதற்கு என்று கேளுங்கள் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். எனக்குக் கால்குலேட்டர் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 8, வெள்ளி

கடை திறந்ததும் இருவரையும் கூப்பிட்டுப் போனைக் கேட்டேன். அக்கா முதல் ஆளாக நீட்டினாள். "தாராளமாப் பாரு. பூட்டுகூடப் போடல. எனக்கு ஒளிக்க என்ன இருக்கு?"

பார்த்தேன். ஒரே ஒரு கால்குலேட்டர். வேதாகமம், சபைப் பாட்டுப் புத்தகம், பிரசங்கங்கள், இன்னொரு பாட்டுப் புத்தகம், பேரன் பேத்தி படங்கள். அவள் போன் அவளைப் போலவே இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சேனாவின் போனில் இரண்டு கால்குலேட்டர்.

"எதுக்கு ரெண்டு?"

அவள் முகம் மாறியது. "ஒண்ணு என்னோடது மேடம்."

"ரெண்டும் உன் போன்லதான் இருக்கு. திற அதை."

"திறக்க மாட்டேன் மேடம். அதுல உங்க கடை சமாச்சாரம் ஒண்ணும் இல்ல. நம்புங்க."

"அப்ராஃபி நம்பித்தானே தலையைக் காட்டினா?"

"அதை நான் எடுக்கல."

"அப்ப திறந்து காட்டு."

"மாட்டேன்."

உலர்த்தியின் கீழே இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். அக்கா கதவருகே நின்று, "தப்பு பண்ணாதவளுக்கு என்னம்மா தயக்கம்?" என்று தேன் ஒழுகக் கேட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் போனைத் தொட்ட விரலைக் கழுவ வேண்டும் போல் இருந்தது. அதை அவளிடம் வீசிவிட்டுக் கத்தினேன் — போடி வெளியே, அசிங்கம் பிடிச்சவளே, இனி இந்தத் தெருப்பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது.

எல்லோர் எதிரிலும்தான் கத்தினேன். அவள் அழவில்லை. ஏப்ரனை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்தாள். தன் வால்சீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன்.

மார்ச் 9, சனி

ஆள் போதவில்லை. பின்னல் போட வந்த இரண்டு பேர் காத்திருந்து திரும்பிப் போனார்கள். போகட்டும். கடை சுத்தமாகிவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனையில் போதகர் பாட்டு எண்ணைச் சொன்னதும் சபை முழுக்கப் போனைத் தட்டியது. இப்போது யார் அச்சுப் புத்தகம் தூக்கி வருகிறார்கள்? பக்கத்தில் அக்கா மட்டும் கைகட்டி, கண்ணை மூடி, நாலு சரணத்தையும் மனப்பாடமாகப் பாடினாள். அவள் அப்பா சபை மணி அடிக்கும் கோயில் பிள்ளையாக இருந்தவர். அவளுக்குத் தெரியாத பாட்டே இல்லை. முன்வரிசை அம்மாக்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்ராஃபி வரவில்லை. பாட்டுக்குழுவில் அவள் நிற்கும் இடம் காலி.

மார்ச் 11, திங்கள்

பழைய நீலத் துண்டுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவற்றைத் தொடப் பிடிக்கவில்லை. சந்தையில் மஞ்சள் துண்டு வாங்கி வந்து அக்காவும் நானும் அடுக்கினோம். "புதுசாத் தொடங்குவோம்டி" என்றாள்.

மார்ச் 13, புதன்

அப்ராஃபி இன்னொரு படம் அனுப்பியிருக்கிறாள். "இது யாருக்கா? இதுவும் உங்க கடைதானே? மாப்பிள்ளையோட அக்கா குரூப்ல சுத்துது."

பாங்க் மேனேஜர் அம்மாவின் தலை. நேற்றுத்தான் வந்தார். உச்சியில் உள்ளங்கை அளவுக்கு வெறுமை.

தோளில் மஞ்சள் துண்டு.

மார்ச் 14, வியாழன்

சேனா போய் ஆறாவது நாள். மஞ்சள் துண்டை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

சோறு இறங்கவில்லை. காலையில் வாங்கிய வாச்சே பயறுச்சோற்றுப் பொட்டலம் அப்படியே ஆறிக் கிடக்கிறது. அக்கா எதிரே உட்கார்ந்து தன் பங்கை விரல் நக்கிச் சாப்பிட்டாள். "என்னடி, உடம்புக்கு என்ன?" என்று என் நெற்றியைத் தொட்டாள். நான் பின்னால் நகர்ந்தேன். ஏன் நகர்ந்தேன் என்று எனக்கே அப்போது புரியவில்லை. உடம்பு மட்டும் முந்திக்கொண்டது.

அவளா? என் அக்காவா? என் பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்றவளா? பூட்டில்லாத போன். நானே பார்த்தேனே. ஒரே கால்குலேட்டர்தானே இருந்தது? வேதாகமம், பிரசங்கம், பாட்டுப் புத்தகம்... பாட்டுப் புத்தகம்.

இரண்டு.

ஒரே வேலைக்கு இரண்டு இருந்தால் பாருங்கள் என்றாரே அந்த மனிதர். பாட்டு அத்தனையும் மனப்பாடம் செய்தவளுக்கு ஒன்றே அதிகம். எதற்கு இரண்டு? நான் அன்றைக்குக் கால்குலேட்டரை மட்டும் எண்ணினேன். பாட்டுப் புத்தகத்தை இந்த ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? அது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 15, வெள்ளி

எழுத வேண்டும்.

பத்து மணிக்கு ஒரு பெண்ணுக்கு முடி நேராக்கும் மருந்து போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. இரண்டு கையிலும் உறை, உறை முழுக்க மருந்து. அலமாரியில் அவள் போன் அடித்தது.

"எடுடி செர்வா, போதகரம்மாவா இருக்கும்."

எடுத்தேன். ராங் நம்பர். வைத்தேன். போன் என் கையிலேயே இருந்தது. இரண்டாவது பாட்டுப் புத்தகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தேன், ரேடியோக்காரர் சொன்னபடி. முதல் புத்தகம் கடுகளவு இடம் அடைத்திருந்தது. இது நாலு சினிமாப் படம் அளவுக்கு. கேமரா அனுமதி, படங்கள் அனுமதி. பாட்டுப் புத்தகத்துக்குக் கேமரா!

திறந்தேன். 'பாட்டு எண்' என்று ஒரு கட்டம். என்ன எண்ணைப் போடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எந்தச் சாவு வீட்டிலும் அவள்தான் முதலில் தொடங்குவாள், எப்போதும் அதே பாட்டு. 417.

தலைகள். வரிசை வரிசையாகத் தலைகள். என் உள்ளறை. என் நாற்காலி. எரிந்த தலை, சொட்டைத் தலை, புண் தலை. ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், பக்கத்தில் சிரிக்கும் பொம்மை முகங்கள். போதகரம்மாவின் தலையும் இருந்தது. குழந்தை பெற்ற பிறகு நெற்றியோரம் முடி விட்டுப்போன ஒரு தலை. அதன் கீழே 'மேடம்' என்று இருந்தது. அது யார் என்று புரிய எனக்கு ஒரு கணம் பிடித்தது.

கிறிஸ்துமஸ் சமயம். எனக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "கவலைப்படாதடி, வளந்துரும்" என்றாள். அந்த விரல்களின் சூடு இப்போதும் என் மண்டையில் இருக்கிறது. தூ!

நிமிர்ந்தேன். கண்ணாடியில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் நகர முடியவில்லை. மருந்து வைத்த தலையை நேரத்துக்குக் கழுவாவிட்டால் தோல் வெந்துவிடும். "முதல்ல அந்தப் பொண்ணு தலையைக் கழுவு" என்றேன். கழுவினாள். அந்தப் பெண் காசு கொடுத்து, முடிப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு கதவைச் சாத்தினேன்.

"முகத்தையா எடுத்தேன்? வெறும் தலைதானே?" இதுதான் அவள் முதல் வார்த்தை.

"கீழ பேர் எழுதியிருக்கே!"

"அது எனக்கு அடையாளத்துக்கு. அனுப்பறப்ப எடுத்துடுவேன். நாலு பேர், பாட்டுக்குழுல பழைய ஆளுங்க, சும்மா சிரிக்க. அதுல ஒருத்தி வெளில விட்டுட்டா. நான் என்ன பண்ண?"

"சேனாவை நான் விரட்டினப்ப வாசல்ல நின்னு பார்த்தியே. அப்ப வாய் திறந்தியா?"

"நீதானே விரட்டின?"

"என் தலையையும்..."

"நீயும்தான்டி!" உறையைக் கழற்றித் தொட்டியில் எறிந்தாள். "தலைல டோப்பாவை மாட்டிக்கிட்டு எல்லாரும் என்கிட்ட துரைசானி மாதிரி பேசுவீங்க. அக்கா காபி கொண்டா, அக்கா துண்டு கொண்டா. உள்ள வந்து கழட்டினா எல்லாத் தலையும் ஒண்ணுதான். அதைப் பார்க்கறப்ப எனக்கு ஒரு நிம்மதி. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். வெட்கம் இல்லை. பிடிபட்ட எரிச்சல் மட்டும்தான் அவள் முகத்தில் இருந்தது. அத்தனையையும் என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். அழித்தாள். என்ன பிரயோஜனம்? போனது போனதுதான். சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பினேன். தெருவில் இறங்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

நான் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

மார்ச் 16, சனி

பெரியம்மா போனில். "ரெண்டு போட்டோவுக்காகக் கூடப் பிறந்தவளைத் தெருவுல விடுவியா? குடும்ப விஷயம், குடும்பத்துக்குள்ள முடி. சபை வரைக்கும் கொண்டு போகாத."

ஒளித்து வை என்கிறாள். இன்னொரு பாட்டுப் புத்தகம்.

நான் கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போனேன். உங்கள் தலையை என் அக்கா படம் எடுத்தாள், என் கடையில், என் திரைக்குப் பின்னால் என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொன்னேன். பாங்க் மேனேஜர் அம்மா வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். போதகரம்மா அழுதார். அப்ராஃபி மட்டும், "நீங்களாவது வந்து சொன்னீங்களே" என்றாள். அது எனக்குத் திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

மார்ச் 18, திங்கள்

சேனா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் பின்னலை நிறுத்தவில்லை. அந்தப் பெண் எதிரிலேயே நான் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோர் எதிரிலும் விரட்டினேன், ஆள் எதிரிலேயே மன்னிப்பும் கேட்க வேண்டும் இல்லையா? திரும்ப வா என்றேன்.

"வர மாட்டேன் மேடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பின்னல் முடிந்து அந்தப் பெண் போனதும் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். நான் வேண்டாம், வேண்டாம் என்றேன். அவளே கால்குலேட்டரைத் திறந்து எண்ணைத் தட்டி என் பக்கம் திருப்பினாள்.

ஒரே ஒரு படம். வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை. கண் மூடியிருந்தது. தலை நிறைய முடி.

"அஞ்சு நாள் இருந்தான்" என்றாள். "பேர் வைக்கிற எட்டாம் நாள் வரல, அதனால பேரும் வைக்கல. வந்த விருந்தாளி திரும்பிப் போயிட்டான், அழக் கூடாது, படம் கிடம் வெச்சுக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. அவரு என் போனைத் துழாவி ஒவ்வொண்ணா அழிச்சாரு. இது ஒண்ணைத்தான் காப்பாத்த முடிஞ்சது. அன்னிக்கு நீங்க திறன்னு சொன்னீங்க. பொகுவாம்மா பார்ப்பாங்க, உலர்த்திக்குக் கீழ இருந்தவங்க பார்ப்பாங்க. எல்லாரும் பார்த்துட்டு ஆளுக்கொண்ணு சொல்வாங்க. அதான் திறக்கல."

அசிங்கம் பிடித்தவள் என்றேனே. இந்தப் போனைத் தொட்டதற்காகக் கையைக் கழுவினேனே. சோப்பு போட்டு.

அக்கா மேல் வந்த அருவருப்பை வாந்தி எடுத்துத் தீர்த்தேன். என் மேல் வருவதை எங்கே போய்க் கொட்டுவேன்?

"முடி யார் மாதிரி?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"என்னை மாதிரி" என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

நேற்று அப்ராஃபி வீட்டுக் கதவைத் தட்ட வந்துவிட்டார்கள். இன்று காலை போனில் சொன்னாள். அவள் மாப்பிள்ளையிடம் முன்பே தன் வாயால் சொல்லிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்து திட்டும் இல்லை, முடியும் இல்லை என்று மொத்தமாக வழித்துவிட்டாளாம். விக் இல்லாமல், தலையில் துணிகூடக் கட்டாமல் பெண் கேட்க வந்தவர்கள் முன்னால் வந்து நின்றாளாம்.

"அவரோட அக்கா போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக்கா. பாவம், காட்ட ஒண்ணும் இல்ல."

சம்மதம் என்று பெண் வீட்டார் பாட்டிலை வாங்கிக்கொண்டார்கள். கல்யாணம் ஆகஸ்டில்.

சபையில் பொகுவா அக்கா கண்ணை மூடி, கைகட்டிப் பாடினாள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் மூன்று வரிசை தள்ளி இருந்தும் அவள் குரல் வந்து ஒட்டியது. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, சனி

இன்று வந்தவர்கள் இருவர். திரையைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். உள்ளறைக்கு வர யாரும் இல்லை.

மே 18, சனி

அசாஃபோ ரவுண்டானா அருகே சேனா மரப் பெட்டிக்கடை ஒன்றில் சொந்தமாகப் பார்லர் போட்டிருக்கிறாள். பச்சைப் பெயின்ட் இன்னும் காயவில்லை. பெஞ்சில் நாலைந்து பேர். பாங்க் மேனேஜர் அம்மாவும் இருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவர் உரிமை. நானும் வரிசையில் உட்கார்ந்தேன்.

என் முறை வந்தது. உள்ளே ஒரு துணித் திரை, ஒரு நாற்காலி. நான் விக்கில் கை வைத்துவிட்டு நிறுத்தினேன். மார்ச்சிலிருந்து யார் எதிரிலும் கழற்றியதில்லை. என் கண்ணாடி எதிரில்கூட.

"இருங்க மேடம்" என்றாள் சேனா. இடுப்பிலிருந்து போனை எடுத்து என் மடியில் வைத்தாள். "இங்க இதுதான் சட்டம். தலை திறந்திருக்கிற வரைக்கும் என் போன் உங்ககிட்ட."

நான் எந்தப் போனைத் தூக்கி வீசினேனோ அதே போன். மூலையில் விரிசல் விட்டிருந்தது. அன்றைக்கு விட்டதாகத்தான் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளே அந்தக் குழந்தை இருக்கிறான் என்ற நினைப்பிலேயே ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் என் விக்கைக் கழற்றினாள், எண்ணெய் தடவினாள். விரல் பட்டதும் முதலில் உடம்பு கூசியது. பிறகு விட்டுவிட்டது.

"ஓரத்துல பூனைமுடி வந்திருக்கு மேடம்" என்றாள்.

எழுந்ததும் போனை அவளிடம் கொடுத்தேன். அவள் என் முடியைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கொளுத்திவிட்டேன்.